கண்ணுக்குள் சிப் வைத்தால் பார்வை வருமா?

"டாக்டர், கண்ணுக்குள்ள சிப் வெச்சுப் பார்வை வர வைக்கிறாங்களாமே, நம்ம பையனுக்கும் வைக்கலாமா?" வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றினால் போதும், கண் மருத்துவமனைகளில் இந்தக் கேள்வி வந்துவிடும். பையனுக்குப் பார்வை எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

விழித்திரையின் பின்வரிசையில் இருக்கும் செல்கள்தான் ஒளியை உணர்கின்றன. அவற்றின் சைகையை முன்வரிசை நரம்புச் செல்கள் வாங்கி, பார்வை நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புகின்றன. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயில் மாலைக்கண்ணில் தொடங்கிப் பின்வரிசை மெல்ல அழிகிறது. (மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்யும் குடும்பங்களில் இதன் சில வகைகள் கூடுதலாக வரும்.) முன்வரிசையில் ஒரு பகுதி மட்டும் பிழைத்திருக்கும். விழித்திரைச் சிப் மின்சாரம் கொடுத்துத் தட்டி எழுப்புவது அந்த மிச்சத்தைத்தான்.

கண் அழுத்த நோயில் கதை தலைகீழ். அங்கே போனது முன்வரிசையும் பார்வை நரம்பும். விழித்திரையில் என்ன வைத்தாலும் சைகையைச் சுமந்து செல்ல நரம்பு இல்லை. கருவிழி வெளுத்துப் போனவருக்குத் தேவை கண் தானத்தில் வரும் கருவிழி, சிப் அல்ல. பிறவியிலேயே பார்க்காதவருக்கும் இது சரிவராது. உருவத்தைப் படிக்க அவர் மூளை பழகவே இல்லை.

அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் செய்த ஆர்கஸ் 2 என்ற விழித்திரைக் கருவிக்கு அந்நாட்டில் 2013இல் அனுமதி கிடைத்தது. 25 வயது நிறைந்திருக்க வேண்டும், முன்பு உருவம் தெரிந்த கண்ணாக இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகளாக இருந்தன. கண்ணாடியில் ஒரு கேமரா, இடுப்பில் ஒரு சிறு கணினிப் பெட்டி, விழித்திரை மேல் குட்டி ஆணியால் பொருத்திய 60 மின்முனைகள். அவ்வளவுதான்: 60 புள்ளிகள். கதவு என்றால் இருட்டில் நெட்டுக்குத்தாக ஒரு வெளிச்சக் கோடு. அதை வைத்து 'இங்கே வழி இருக்கிறது' என்று ஊகிக்க வேண்டும். புள்ளியும் எப்போதும் புள்ளியாகத் தெரியாது. மின்முனைக்கு அடியில் ஓடும் நரம்பு இழைகளும் சேர்ந்து தூண்டப்படுவதால் அது தீற்றலாக இழுபடும். கேமரா கண்ணாடியில் இருப்பதால் கண்ணை அசைத்தால் குழப்பம்தான். கண்ணை நேரே நிறுத்தி, தலையைத் திருப்பித் திருப்பித் துழாவிப் பழக வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி.

ஆர்கஸ் 2 சோதனையில் இருந்த 30 பேரில் 11 பேருக்கு முதல் மூன்றாண்டுகளில் கடுமையான சிக்கல்கள் வந்தன. கருவியை மூடியிருந்த வெண்படலம் அரித்துப்போனது, கண்ணின் அழுத்தம் விழுந்தது, உள்ளே கிருமித் தொற்று ஏற்பட்டது எனப் பலவகை. பெரும்பாலானவை சிகிச்சையில் சரியாயின.

வீடியோக்களில் வராத சங்கதி இனிமேல்தான். 2019இல் நிறுவனம் ஆர்கஸ் 2 தயாரிப்பை நிறுத்தியது. 2020இல் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டது. உலகம் முழுவதும் சுமார் 350 பேர் கண்ணில் அந்தக் கருவி இருந்தது. இடுப்புப் பெட்டி பழுதானால் உதிரிபாகத்துக்கு எங்கே போவது? எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தால் கருவியின் விவரத்தை யாரிடம் கேட்பது? ஜெர்மனியில் ஆல்ஃபா என்ற விழித்திரைச் சிப் செய்த நிறுவனமும் 2019இல் மூடப்பட்டது. கண்ணுக்குள் போகும் கருவிக்கு மருத்துவர் எவ்வளவு முக்கியமோ, அதைச் செய்த கம்பெனி பிழைத்திருப்பதும் அவ்வளவு முக்கியம்.

இப்போது பேசப்படுவது பிரைமா என்ற சிப். 2 மில்லிமீட்டர் சதுரம், 0.03 மில்லிமீட்டர் தடிமன், 378 பிக்சல். இதை விழித்திரைக்கு அடியில் செருகுகிறார்கள். வயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. கண்ணாடியிலிருந்து பாயும் அகச்சிவப்பு ஒளியே படத்தையும் மின்சாரத்தையும் கொடுத்துவிடும். இது முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலா தேய்ந்து நடுப்பார்வை போனவர்களுக்கு. ஐரோப்பாவில் 38 பேருக்கு வைத்து, ஓராண்டு முடித்த 32 பேரில் 26 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என 2025இல் முடிவு வெளியானது. எழுத்துகளைப் படித்தார்கள், உண்மை. ஆனால் கேமராவின் ஜூமைக் கூட்டி, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தது அது. நிறமில்லை, முகம் பார்த்து ஆளை அடையாளம் காணும் அளவுக்குத் தெளிவும் இல்லை.

ஆகவே சிப் பற்றி விசாரிக்கும் முன் இரண்டு பரிசோதனைகளின் அறிக்கைகள் கையில் இருக்கட்டும்: விழித்திரை அடுக்குகளைக் காட்டும் ஓசிடி, ஒளி உணர் செல்களின் மின் வேலையை அளக்கும் இஆர்ஜி. முன்பணம் கேட்கும் இடமாக இருந்தால், எந்தக் கருவி, எந்த நாட்டு அனுமதி, பத்து வருடம் கழித்துப் பழுது பார்ப்பவர் யார் என்று எழுத்தில் வாங்குங்கள். சோதனை முயற்சி என்று சொல்லிக்கொண்டே பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இதற்கெல்லாம் நடுவே பையனின் வெள்ளைக்கோல் பயிற்சியும், செல்போனில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பழகுவதும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போக வேண்டாம்.