டைப்ரைட்டருக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு தம்பி போன மாதம் தன் அப்பாவின் பழைய ரெமிங்டன் டைப்ரைட்டரைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தார். "அண்ணே, எழுத்தை அடிச்சா மேலே போய் அப்படியே நிக்குது, எண்ணெய் எல்லாம் விட்டுப் பாத்துட்டேன்" என்றார். அந்த எண்ணெய்தான் கோளாறே. வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயை எழுத்துக் கம்பிகள் வரிசையாக நிற்கிற பிறை வடிவப் பள்ளத்தில், அதை நாங்கள் செக்மெண்ட் என்போம், தாராளமாக ஊற்றியிருக்கிறார். அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிட்டது.

முப்பது வருஷமாக டைப்பிங் இன்ஸ்டிடியூட்டுகளுக்கு மெஷின் சரிபார்க்கிறேன். இப்போது பழைய மெஷின்களை ஆசையாக வாங்கி வீட்டிலேயே சரிசெய்கிற பிள்ளைகள் வருகிறார்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதனால்தான் இதைச் சொல்கிறேன்: செக்மெண்டுக்கு எண்ணெயே கூடாது. அந்தக் கம்பிகள் காய்ந்த நிலையில்தான் தங்கு தடையில்லாமல் விழும். முதலில் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள், அப்புறம் பெயிண்ட் கடை டர்பன்டைனில் பழைய பல் பிரஷ்ஷை நனைத்து ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்து, ஒவ்வொரு எழுத்தையும் பலமுறை அடித்துப் பார்த்து, வெளியே வருகிற அழுக்கைத் துணியால் ஒற்றி எடுங்கள். இதை வாசலில் உட்கார்ந்து செய்யுங்கள், அடுப்பங்கரைப் பக்கமே போகாதீர்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். டர்பன்டைன் ரப்பர் ரோலரிலும் பெயிண்டிலும் படக்கூடாது. காகிதத்தைச் சுமந்து இடமும் வலமும் நகர்கிற கேரியேஜ் ஓடுகிற தண்டவாளத்தில் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

நம் கடலோர ஊருக்கென்று இன்னொன்று உண்டு. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்த உப்புக்காற்று இது, மெஷினை விட்டுவைக்குமா? போர் தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்காதீர்கள், கரையோரத்தில் அதுவும் உப்புதான், காய்ந்த பிறகும் இரும்பில் தங்கி ஈரத்தை இழுக்கும். பிளாஸ்டிக் உறையில் மூடி வைப்பதும் தப்பு, உள்ளே வேர்த்து ஸ்பிரிங் துருப்பிடிக்கும். வேட்டித் துணி போட்டு மூடுங்கள், ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள், ஐப்பசி வாடைக் காற்று தொடங்கியதும் வாரம் ஒருமுறை திறந்து பத்து நிமிஷமாவது அடியுங்கள்.

கேரியேஜை இழுக்கிற மெயின் ஸ்பிரிங் டப்பாவை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். சுருள் சட்டென்று விடுபட்டால் விரலைக் கிழித்துவிடும், ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

தம்பியின் ரெமிங்டனைச் சுத்தம் செய்ய மூன்று நாள் ஆனது. கடைசியாக அவரே உட்கார்ந்து அப்பா பெயரை அடித்துப் பார்த்தார். ஒரு எழுத்தும் நிற்கவில்லை.