ஒரு கண்ணை மூடினால் மூளையில் என்ன நடக்கும்?

தவளையின் கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, பார்வை நரம்பையும் வெட்டிவிட்டால் என்ன ஆகும்? 1940-களில் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் ஸ்பெர்ரி இதைச் செய்து பார்த்தார். தவளைக்கு வெட்டுப்பட்ட பார்வை நரம்பு மறுபடி வளரும். வளர்ந்தது, பார்வையும் வந்தது. ஆனால் மேலே இருக்கும் இரையைப் பிடிக்கத் தவளை கீழே பாய்ந்தது. கடைசிவரை திருந்தவே இல்லை. நரம்பிழைகள் தங்கள் பழைய இடத்தையே தேடிப் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. இந்த முகவரிகள் வேதிப்பொருள்களாக இருக்க வேண்டும் என்றார் அவர். எஃப்ரின் என்னும் புரதங்கள் அந்த வேலையைச் செய்வது 1990-களில் தெரியவந்தது.

சரி, மனிதரின் ஒரு கண்ணிலிருந்து மட்டும் ஏறக்குறைய 10 லட்சம் இழைகள் புறப்படுகின்றன. வேதி முகவரி தெருவரை கொண்டுபோய் விடும். வீட்டை அடையாளம் காட்ட மின்துடிப்பு வேண்டும். பார்வையே வராத பருவத்தில் துடிப்பு எங்கிருந்து வரும்? விழித்திரை தானாகவே துடிக்கிறது. ஃபெரெட் என்னும் சிறு விலங்கின் குட்டிகளில், விழித்திரை மீது அலை அலையாகத் துடிப்பு பரவுவதை 1991-ல் கார்லா ஷாட்ஸ் உள்ளிட்டோர் பதிவு செய்தார்கள். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் சேர்ந்து துடிக்கும். சேர்ந்து துடிக்கும் இழைகள் சேர்ந்தே வேரூன்றும். இரண்டு கண்களின் அலைகளும் ஒரே நேரத்தில் எழுவதில்லை என்பதால், அவற்றின் இழைகள் மூளையில் தனித்தனியாகப் பிரிந்துகொள்கின்றன.

கண் திறந்த பிறகுதான் உண்மையான போட்டி. ஆய்வாளர்கள் டேவிட் ஹ்யூபல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டியின் ஒரு கண் இமையைச் சில வாரங்கள் தைத்து வைத்தார்கள். படிக்கவே சங்கடமான சோதனைதான். தையலைப் பிரித்தபோது விழித்திரையில் பெரிய கோளாறு இல்லை. ஆனாலும் மூளையில் பார்வையைக் கவனிக்கும் பகுதியான பார்வைப் புறணியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் அநேகமாக இல்லை. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தால் பாதிப்பு இல்லை.

பயன்படுத்தாததால் இணைப்பு வாடிவிட்டது, அவ்வளவுதானே என்று தோன்றும். அப்படியானால் இரண்டு கண்களையும் மூடினால் சேதம் இரண்டு மடங்காக வேண்டும். 1965-ல் அதையும் பார்த்தார்கள். பல செல்கள் இயல்பாக வேலை செய்யவில்லை என்றாலும், பாதிக்கு மேற்பட்டவை இன்னும் கண்களுக்குப் பதில் சொல்லின! எனக்கு இந்த முடிவுதான் எல்லாவற்றிலும் அழகானது. மூடிய கண்ணை வீழ்த்தியது இருட்டு மட்டுமல்ல, திறந்திருந்த இன்னொரு கண்ணும்தான். ஹ்யூபல், வீசல், ஸ்பெர்ரி மூவரும் 1981-ன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

'சோம்பல் கண்', அதாவது மூளை ஒரு கண்ணைச் சரியாகப் பயன்படுத்தாத குறை, உள்ள குழந்தைக்கு மருத்துவர் நல்ல கண்ணை ஒட்டி மறைப்பதும் இதனால்தான். நன்றாகத் தெரிகிற கண்ணைப் போய் மூடுகிறார்களே என்று பெற்றோர் பதறுவார்கள். முந்திக்கொண்ட கண்ணைத் தினமும் சில மணி நேரம் உட்கார வைத்தால், பின்தங்கிய கண் இழந்த இடத்தைப் பிடிக்கும். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.