சேலரி கேப்: தொப்பி இல்லை, வரம்பு

2025 ஐபிஎல் ஏலத்துக்கு முன்னால் சென்னை அணி தோனியை 4 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்துக்கொண்டது. 'அன்கேப்டு' வீரர் என்ற கணக்கில் அது நடந்தது. நாட்டுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தவர் எப்படி 'தொப்பி இல்லாதவர்' ஆனார் என்று பலரும் அப்போது கேட்டார்கள். நாட்டுக்காக ஆடுகிறவருக்குக் கொடுக்கும் தொப்பியிலிருந்து வந்த சொல் அது. ஐந்து ஆண்டுகளாகச் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரையும் அந்த வகையில் சேர்க்கலாம் என்று ஐபிஎல் விதி இடம் கொடுத்தது. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது பழகிய சேதிதான்.

இதே சொல் அமெரிக்கக் கால்பந்துச் செய்தியில் வந்தால் பொருள் அடியோடு மாறிவிடும். (நாம் அறிந்த கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது.) அந்நாட்டின் தேசிய கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் 2010ஆம் ஆண்டை 'அன்கேப்டு ஆண்டு' என்பார்கள். அந்த ஓர் ஆண்டு மட்டும் அணிகளின் சம்பளச் செலவுக்கு 'சேலரி கேப்' எனும் வரம்பு இல்லாமல் இருந்தது. தோனி விஷயத்தில் தலையில் வைக்கும் தொப்பி. இங்கே பாத்திரத்தின் மேல் வைக்கும் மூடி. இரண்டையும் ஒரே சொல்லாக நினைத்து 'சம்பளத் தொப்பி' என்று தமிழில் எழுதியதையும் பார்த்திருக்கிறேன். படித்தவர் பாவம், என்ன புரிந்துகொண்டிருப்பார்?

'கேப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் பிற்கால லத்தீனில் இருக்கிறது. 'கப்பா' என்றால் தலையை மூடும் துணி, போர்வை. தலையை மூடுவது தொப்பி ஆனது. புட்டியின் வாயை மூடுவதும் 'கேப்' ஆனது. மூடி போட்ட பிறகு எதுவும் அதற்கு மேலே பொங்க முடியாது அல்லவா, அந்த எண்ணத்திலிருந்துதான் 'இதற்கு மேல் போகக் கூடாது' என்ற பொருள் பிறந்தது. சேலரி கேப்பில் இருப்பது இந்தக் கடைசிப் பொருள்.

'சேலரி' பக்கம் போனால் உப்பு வருகிறது. லத்தீனில் 'சால்' என்றால் உப்பு. 'சலாரியும்' அதோடு ஒட்டிப் பிறந்த சொல். ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பையே கூலியாக அளந்தார்கள் என்று அடிக்கடி சொல்வார்கள். அதற்கு அக்காலத்துச் சான்று உறுதியாக இல்லை. சொல்லுக்கும் உப்புக்கும் உள்ள உறவு மட்டும் உறுதி. நம் 'சம்பளம்' என்ற சொல்லுக்கும் உப்புக் கதை ஒன்று உண்டு. சம்பா நெல்லும், உப்பைக் குறிக்கும் அளமும் சேர்ந்து சம்பளம் ஆனது என்பார்கள் ஒரு சாரார். வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் உணவைக் குறிக்கும் 'சம்பல' என்ற வடசொல்லோடு இணைப்பார்கள் இன்னொரு சாரார். இரண்டில் எதை எடுத்தாலும், சம்பளம் சோற்றோடு ஒட்டிய சொல். 'ஊதியம்' அப்படியல்ல. குறளில் ஊதியம் என்றால் ஆதாயம், இலாபம். அரசாணைகளும் ஊதியக் குழுக்களும் அதைச் சம்பளத்துக்குப் பயன்படுத்தி இன்று இரண்டும் ஒன்றாகிவிட்டன. விளையாட்டுச் செய்திக்கு எனக்குச் சம்பளம்தான் பிடிக்கிறது. டீக்கடையில் பேசும்போதும் அதைத்தான் சொல்கிறோம்.

சரி, சேலரி கேப் என்றால் என்ன? பெரும்பாலானோர் இடறுவது இங்கேதான். 'சம்பள உச்சவரம்பு' என்று மொட்டையாக எழுதினால், ஒரு வீரர் இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படியும் ஒரு முறை இருந்தது, இங்கிலாந்தில். 1901இல் அங்கே கால்பந்து வீரர் ஒருவருக்கு வாரத்துக்கு 4 பவுண்டுதான் அதிகபட்சச் சம்பளம் என்று கட்டுப்பாடு வந்தது. வீரர் சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் முன்னின்ற போராட்டத்துக்குப் பின் 1961இல் அது ஒழிந்தபோது, வரம்பு 20 பவுண்டில் நின்றிருந்தது. ஒழிந்த உடனேயே ஃபுல்ஹாம் அணியின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கினார். ஆளுக்கு ஆள் போட்ட பூட்டு அது.

என்எஃப்எல்லின் சேலரி கேப் ஆள் கணக்கு இல்லை, அணிக் கணக்கு. ஓர் அணி தன் வீரர்கள் அத்தனை பேருக்குமாகச் சேர்த்து ஓர் ஆண்டில் கணக்கில் ஏற்றக்கூடிய தொகைக்கு வரம்பு. அதற்குள் ஒருவருக்கே ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்தாலும் கேட்பாரில்லை. மீதியில் மற்றவர்களை எப்படிச் சேர்ப்பது என்பது அணியின் தலைவலி.

இது வந்த கதையைச் சொன்னால்தான் சொல்லின் முழுப்பொருள் விளங்கும். ஒப்பந்தம் முடிந்த வீரர் தான் விரும்பிய அணிக்குப் போவது என்எஃப்எல்லில் நெடுங்காலம் எளிதாக இல்லை. வீரர்கள் நீதிமன்றம் போனார்கள். 1992இல் ஃப்ரீமன் மெக்நீல் வழக்கில் மினியாபொலிஸ் நீதிமன்றத்தின் ஜூரி லீகின் கட்டுப்பாடு தவறு என்றது. அதன் பிறகு 1993இல் இரு தரப்பும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன: வீரருக்கு அணி மாறும் உரிமை, முதலாளிகளுக்குச் செலவு வரம்பு. அந்த உரிமையில் முதலில் பெரிதாகப் பேசப்பட்டவர் ரெஜி வைட். நான்கு ஆண்டுக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர் பேசிக் கிரீன் பே அணிக்குப் போனார். வரம்பு 1994இல் நடைமுறைக்கு வந்தது. அணிக்கு 3 கோடியே 46 லட்சம் டாலர். 2025இல் அது 27 கோடியே 92 லட்சம்.

இந்தத் தொகையை யாரும் மனம்போனபடி நிர்ணயிப்பதில்லை. தொலைக்காட்சி உரிமை, நுழைவுச்சீட்டு என்று லீக் ஈட்டும் மொத்த வருவாயில் ஏறத்தாழ 48 விழுக்காடு வீரர்களுக்கு என்பது ஒப்பந்தம். அதை 32 அணிகளுக்கும் பங்கிட்டுத்தான் வரம்பைக் கணக்கிடுகிறார்கள். வருவாய் ஏறினால் வரம்பும் ஏறும். 2020இல் 19 கோடியே 82 லட்சமாக இருந்தது, கொரோனாவில் மைதானங்கள் காலியாகக் கிடந்ததால் 2021இல் 18 கோடியே 25 லட்சமாக இறங்கியது. ஆகவே இதைக் கட்டுப்பாடு என்று மட்டும் பார்க்கக் கூடாது. வீரர்களின் பங்கும் இதற்குள்தான் இருக்கிறது. வரம்புக்குக் கீழ்வரம்பும் உண்டு. மூன்றாண்டைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் அணி வரம்பில் 90 விழுக்காட்டையாவது செலவழித்திருக்க வேண்டும். செலவே செய்யாமல் இலாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

இதற்குத் தமிழில் பொருத்தமான சொல் நம் கையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1961இல் வந்த நில உச்சவரம்புச் சட்டம் நினைவிருக்கும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது அது. 1970இல் 15 ஆகக் குறைத்தார்கள். அந்தச் சட்டம் பார்த்தது ஒரு வயலின் அளவையோ ஒரு பட்டாவின் அளவையோ அல்ல, குடும்பத்தின் மொத்தத்தை. சேலரி கேப்பும் அப்படித்தான், குடும்பத்தின் இடத்தில் அணி. அதனால் 'அணிச் சம்பள உச்சவரம்பு' என்று நான் எழுதுகிறேன். நீளம் என்று தோன்றினால் முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் 'வரம்பு' என்றே சொல்லலாம். அணி என்ற முன்னொட்டை மட்டும் முதல் இடத்தில் விடக் கூடாது. அதை விட்டால் இங்கிலாந்தின் பழைய பூட்டாகப் படிக்கப்படும்.

'வரம்பு' என்ற சொல்லின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. வயலின் வரப்பும் இதுவும் ஒரே சொல்தான். யாழ்ப்பாணத்தில் இன்றும் வயல் வரம்பு என்றே சொல்வார்கள். வரப்பு எல்லை காட்டும், உள்ளே தண்ணீரையும் தேக்கி நிறுத்தும். வீரர்களின் பங்கைக் காக்கிற இந்த ஏற்பாட்டுக்கு மூடியைவிட வரப்புதான் பொருத்தமான உவமை என்று படுகிறது.

இனி இதன் உள்ளே புழங்கும் சொற்கள். முதலில் 'கேப் ஹிட்'. இதில் அடியும் இல்லை, மோதலும் இல்லை. ஒரு வீரருக்காக அந்த ஆண்டு வரம்புக் கணக்கில் ஏறும் தொகை, அவ்வளவுதான். 'வரம்புக் கணக்கு' என்றால் போதும். வீரர் கையில் வாங்கும் பணமும் இந்தக் கணக்கும் ஒன்றல்ல என்பதுதான் அணி கட்டுகிறவர்களின் வித்தை. ஒரு கற்பனை ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம்: ஐந்து ஆண்டு, கையெழுத்துப் போட்டவுடன் 5 கோடி டாலர், முதல் ஆண்டுச் சம்பளம் 20 லட்சம். வீரர் அந்த ஆண்டு வாங்குவது 5 கோடியே 20 லட்சம். வரம்புக் கணக்கில் ஏறுவதோ 1 கோடியே 20 லட்சம்தான். கையெழுத்துப் பணத்தை அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்குச் சமமாகப் பிரித்துப்போட விதி அனுமதிக்கிறது. இந்தப் பணத்தை 'முன்பணம்' என்று எழுதினால் தவறு. முன்பணம் பின்னால் சம்பளத்தில் கழியும். இது கழியாது, முழுதாக வீரருடையது. 'கையெழுத்துத் தொகை' என்பதே நேர்.

பிரித்துப்போட்டதற்கு விலை உண்டு. அதே வீரரை இரண்டு ஆண்டு கழித்து அனுப்பிவிட்டால், கணக்கில் ஏறாமல் நின்ற 3 கோடியும் மொத்தமாக வந்து விழும். ஆள் இல்லை, அவருக்கான இடம் மட்டும் கணக்கில் அடைபட்டிருக்கும். இதைத்தான் 'டெட் மணி' என்கிறார்கள். 'செத்த பணம்' என்றால் காதுக்கு நன்றாக இல்லை. 'வாராக்கடன்' என்றால் பொருளே வேறு, யாரும் யாருக்கும் கடன்படவில்லை. 'ஆளில்லாக் கணக்கு' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை.

இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு என்எஃப்எல்லின் டென்வர் அணி. 2022இல் ரஸ்ஸல் வில்சன் என்ற குவார்ட்டர்பேக்குக்கு ஐந்து ஆண்டு, 24 கோடியே 50 லட்சம் டாலர் என்று ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அணியை நடத்தும் பந்தெறி வீரரே குவார்ட்டர்பேக். சம்பளத்தில் முதல் வரிசை அவருக்குத்தான். இரண்டு பருவம் முடிந்ததும் 2024 மார்ச்சில் அவரை விட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த கையெழுத்துத் தொகையும், உறுதியளித்த சம்பளமும் சேர்ந்து இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 8 கோடியே 50 லட்சம் டாலர் ஆளில்லாக் கணக்காக நின்றது. அவ்வளவு சுமையோடும் அந்த ஆண்டே டென்வர் 10 ஆட்டம் வென்று பிளேஆஃப் போனது. காரணங்களில் முக்கியமானது, அவர் இடத்தில் ஆடிய போ நிக்ஸ் அந்த ஆண்டுதான் டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், வந்த புதுமுகம்.

புதுமுகம் என்றால் மலிவு. 2010இல் முதல் ஆளாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்ட் 7 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டார். மறுஆண்டு புதுமுகங்களுக்குச் சம்பள அளவுகோல் வந்தது. அந்த ஆண்டின் முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம்தான். இங்கே 'அளவுகோல்' என்ற சொல்லைத் தயங்காமல் போடலாம், எந்த இடத்தில் தேர்வானாரோ அதை வைத்துத் தொகை முன்கூட்டியே தெரிந்துவிடும். இதன் உச்சம் பிராக் பர்டி. 2022 டிராஃப்டில் கடைசி ஆளாக, 262ஆவதாக, சான்ஃபிரான்சிஸ்கோ அணிக்கு வந்தார். 2023 பருவத்தில் அவர் சம்பளம் 10 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. அங்கே வரம்பில் மிச்சமானதைக் கொண்டு மற்ற இடங்களுக்கு விலை உயர்ந்த வீரர்களை வைத்துக்கொண்டு அணி லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை போனது. 2025இல் பர்டிக்கு ஐந்து ஆண்டு, 26 கோடியே 50 லட்சம் டாலர். அதே ஆண்டு டீபோ சாமுவேல் உட்படப் பலர் அணியைவிட்டுப் போனார்கள்.

நில உச்சவரம்பு வந்ததும் பினாமிப் பட்டாக்கள் முளைத்தது நமக்குத் தெரியும். இங்கேயும் மறைப்பு நடந்தது. 1990களின் பிற்பகுதியில் சில வீரர்களுக்குச் சம்பளத்தைத் தள்ளிவைத்துக் கொடுத்த ஏற்பாடுகளுக்காக லீக் டென்வர் அணிக்கு 2001இலும் 2004இலும் அபராதம் விதித்து, ஒவ்வொரு முறையும் டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைப் பறித்தது.

'ஹார்டு கேப்', 'சாஃப்ட் கேப்' இரண்டையும் 'கடின வரம்பு', 'மென் வரம்பு' என்று சொல்லுக்குச் சொல் மாற்ற வேண்டாம். என்எஃப்எல்லில் இருப்பது கண்டிப்பான வரம்பு. அமெரிக்கக் கூடைப்பந்து லீகில் நெகிழும் வரம்பு. சொந்த வீரரைத் தக்கவைக்க அதைத் தாண்டலாம், ஒரு கட்டத்துக்கு மேல் போனால் வரி கட்ட வேண்டும். நம் ஐபிஎல்லில் 'பர்ஸ்' என்கிறார்களே, 2025இல் அணிக்கு 120 கோடி ரூபாய், அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். பர்ஸ் காலியானால் ஏலத்தில் கை தூக்க முடியாது.

கடைசியாக 'ரோஸ்டர்'. தமிழ்நாட்டில் இந்தச் சொல் காதில் விழுந்தால் மருத்துவமனையின் பணிமுறைப் பட்டியலோ, அரசு வேலையின் இனச்சுழற்சியோதான் நினைவுக்கு வரும். விளையாட்டில் அதில் சுழற்சி எதுவும் இல்லை; 'வீரர் பட்டியல்' போதும். டச்சு மொழியில் 'ரூஸ்டர்' என்றால் இறைச்சி வாட்டும் கம்பித்தட்டு. கம்பிகள் போலக் கோடு போட்ட தாளில் பெயர் எழுதியதால் பட்டியலுக்கு அந்தப் பெயர் வந்தது. குறுக்கே கோடு கோடாக இருக்கும் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தையும் அதே கம்பித்தட்டின் ஆங்கிலப் பெயரால்தான் அழைக்கிறார்கள். கோடைப் பயிற்சியின்போது அந்தப் பட்டியலில் 90 பேர் வரை இருப்பார்கள். பருவம் தொடங்கும்போது 53 பேர்.