வளர்ந்த முகம், உடைந்த முகம்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில், சாலைக்காக வெட்டிய இடங்களில் புதிதாக உடைந்த கருங்கல் கிடக்கும். ஒரு துண்டை வெயிலில் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். அரிசி அளவில் ஒரு திட்டு சட்டென்று முழுதாகப் பளிச்சிடும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அது அணைந்து, பக்கத்திலுள்ள இன்னொன்று மின்னும்.

மின்னுகிற அந்தப் பரப்பைப் படிகத்தின் முகம் என்று நினைத்துவிடுவது எளிது. உண்மையில் அது கல் உடைந்தபோது உண்டான பரப்பு. படிகம் வளரும்போது அமையும் முகம் வேறு, உடையும்போது பிறக்கும் தளம் வேறு.

முதலில் வளர்வதைப் பார்ப்போம். கற்கண்டு ஒரு படிகம்தான். பாகிலிருக்கும் சர்க்கரை மூலக்கூறு மேடுபள்ளமான இடத்தில் வந்து ஒட்டினால், ஏற்கெனவே அங்கிருக்கும் மூலக்கூறுகள் அதைப் பல பக்கமிருந்தும் பிடித்துக்கொள்ளும். தட்டையான இடத்தில் பிடிமானம் அடியில் மட்டும்தான். பெரும்பாலும் கழன்று பாகுக்கே திரும்பிவிடும். ஆகவே கரடான பக்கம் வேகமாக வளர்கிறது. வேகமாக வளரும் பக்கம்தானே பெரிதாகும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. அது முன்னால் நகர நகரச் சுருங்கி, கடைசியில் வெறும் விளிம்பாகவோ முனையாகவோ முடிந்துபோகிறது. மிஞ்சி நிற்பவை மெதுவாக வளர்ந்த முகங்கள். படிகவியலில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது: நாம் பார்த்து வியக்கும் முகங்களெல்லாம் பின்தங்கி வந்தவை.

சரி, தட்டையான முகத்தில் மூலக்கூறு ஒட்டாது என்றால் அது வளர்வதுதான் எப்படி? 1949இல் இயற்பியலாளர் சார்லஸ் ஃபிராங்க் விடை சொன்னார். அணு வரிசையில் ஒரு திருகல் பிழை இருந்தால் போதும். முகத்தின் மேல் ஒரு சிறு படி உருவாகும், அந்தப் படி எத்தனை அடுக்கு ஏறினாலும் தீராமல் சுருளாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். புதிதாக வரும் மூலக்கூறுகளுக்கு அங்கே இடம் உண்டு.

நீலகிரிப் பாறையிலுள்ள படிகங்களுக்கு இப்படித் தாராளமாக வளர இடம் கிடைக்கவில்லை. சார்னோகைட் எனப்படும் இந்தப் பாறை, சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருவானது. படிகங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே வளர்ந்ததால், இந்தப் பாறையின் முக்கியக் கனிமமான ஃபெல்ட்ஸ்பாருக்கு ஒழுங்கான முகம் அமையவே இல்லை.

ஆனால் உள்ளே அணுக்களின் வரிசை பிசகாமல் இருக்கிறது. அந்த வரிசையில், பிணைப்புகள் குறைவாகக் குறுக்கிடும் தளங்கள் சில உண்டு. சம்மட்டி அடி விழும்போது கீறல் அந்த வழியாகத்தான் ஓடும். ஃபெல்ட்ஸ்பாரில் இப்படி இரண்டு தளங்கள், ஏறக்குறையச் செங்கோணத்தில். ஒரு படிக மணி முழுக்க ஒரே அணு வரிசை என்பதால், பிளந்த தளமும் ஒரே திசையில் அமைகிறது. அதனால்தான் முழுத் திட்டும் ஒரே நேரத்தில் பளிச்சிடுகிறது. காக்காப்பொன் எனப்படும் மைக்காவில் ஒரே ஒரு தளம். அதன் தகடுகளுக்கு இடையே பொட்டாசிய அயனிகளின் பலவீனமான பிடிப்பு மட்டுமே, நகத்தாலேயே உரித்துவிடலாம்.

குவார்ட்ஸ், அதாவது வெங்கச்சங்கல், இதற்கு எதிர்ப்பக்கம். இடம் கிடைத்தால் அழகான ஆறுபக்கப் பட்டகமாக வளரும். உடைத்தாலோ பாட்டில் கண்ணாடி போல வளைந்து வளைந்து உடையும். சிலிக்கானும் ஆக்சிஜனும் எல்லாத் திசையிலும் ஏறத்தாழ ஒரே பலத்தோடு பின்னியிருப்பதால், கீறலுக்கு எளிதான வழி என்று ஒன்று இல்லை. கையிலுள்ள கல்துண்டில், எண்ணெய் தடவினாற்போல் மங்கலாக இருந்து எந்தக் கோணத்திலும் பளிச்சிடாத திட்டுகள் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கொடைக்கானல் தூண் பாறைகளின் சுமார் 400 அடிச் செங்குத்துச் சுவர்கள் இந்தப் படிகப் பிளவால் வந்தவை அல்ல. அவை பாறை முழுவதையும் ஊடுருவிய பெரிய விரிசல்கள், எந்தத் தனிப் படிகத்தையும் சட்டை செய்யாதவை.

மழை நீருக்கு ஃபெல்ட்ஸ்பாரின் பிளவுத் தளங்கள் நல்ல பாதை. அவற்றின் வழியே புகுந்து சோடியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போகிறது. மிஞ்சுவது வெள்ளைக் களிமண். மழை மிகுந்த உச்சிகளில் சிலிக்காவும் கரைந்து வெளியேற, அலுமினியம் நிறைந்த பாக்சைட் சேர்கிறது. நீலகிரி, பழனி மலைகள் இரண்டிலும் அது உண்டு. மக்கிய பாறையை நகத்தால் கீறினால் ஃபெல்ட்ஸ்பார் இருந்த இடம் மாவாக உதிரும். நடுவே குவார்ட்ஸ் மணிகள் மட்டும் கெட்டியாக நிற்கும், அப்புறம் மழையோடு இறங்கி ஓடை மணலில் சேரும்.