ஜெல்சோலின்: களியும் கூழும்

கேழ்வரகுக் களியை உருண்டை பிடித்து ராத்திரி தண்ணீரில் போட்டு வைப்பார்கள். காலையில் மோர் விட்டுக் கையால் கரைத்தால் கூழ். மாவு அதேதான், ஒன்று தட்டில் நிற்கும், மற்றது சொம்பில் ஓடும். ஜெல்சோலின் என்ற புரதத்தின் பெயருக்குள் இருப்பதும் இந்த இரண்டு நிலைகள்தான். ஜெல் என்றால் களி, சோல் என்றால் கூழ்.

இரண்டு துண்டுகளையும் 1860களில் வேதியியலுக்குத் தந்தவர் தாமஸ் கிரஹாம். ஜெலாட்டினைச் சுருக்கினால் ஜெல். அதன் லத்தீன் வேருக்கு உறைதல் என்று பொருள். சோல் வந்த வேருக்கு அவிழ்த்தல், தளர்த்தல். கடைசி ‘இன்’ புரதங்களுக்கு வழக்கமாக ஒட்டும் வால். 1979இல் ஹெலன் யின், தாமஸ் ஸ்டோசல் இருவரும் முயல் நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களில் கண்ட புரதத்துக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். காரணப்பெயர்தான்.

சரி, செல்லுக்குள் களி எங்கே இருக்கிறது? ஆக்டின் என்ற புரத மணிகள் கோத்துக்கொண்டு 7 நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாகின்றன. ஃபிலமின் என்ற இன்னொரு புரதம் அவற்றைக் குறுக்கே கட்டுகிறது. வலை விழுந்ததும் செல்லின் ஓரம் களிபோல் கெட்டிப்படும். கால்சியம் ஏறினால் ஜெல்சோலின் விழித்துக்கொள்ளும். இழையைப் பக்கவாட்டில் பற்றி, நடுவில் வெட்டி, வெட்டிய முனையில் மூடிபோல உட்கார்ந்துவிடும். களி இளகும்.

அழிவு வேலை மாதிரி தெரிகிறது. ஆனால் அது மூடுவது இழை வேகமாக வளரும் முனையை. செல் சவ்வில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு அந்த மூடியைக் கழற்றிவிட்டால், ஒரே இழை இருந்த இடத்தில் வளரத் தயாரான பல முனைகள். முருங்கையை வெட்டிவிட்டால் பல கிளைகள் துளிர்ப்பதுபோல. கிளை விடுவதற்கென்றே தனிப் புரதத் தொகுதி உண்டு: ஆர்ப்2/3, பழைய இழையின் மேல் சுமார் 70 டிகிரி சாய்வில் புதிய இழையைத் தொடங்கிவைக்கும். இழைகள் வளர்ந்து சவ்வை முன்னே தள்ள, கிருமியைத் துரத்தும் வெள்ளணு ஊர்கிறது. பின்னால் பழைய இழைகளைக் கோஃபிலின் என்ற புரதம் உடைக்கிறது. உதிர்ந்த மணிகளை ப்ரோஃபிலின் என்ற புரதம் மறுபடி வளரும் முனைக்குச் சேர்க்கிறது. ஜெல்சோலின் மரபணுவை நீக்கிய எலிகள் 1995இல் உருவாக்கப்பட்டன. அவை பிறந்தன, வளர்ந்தன. ஆனால் ரத்தக்கசிவு நிற்கக் கூடுதல் நேரம் ஆனது, வெள்ளணுக்கள் அழற்சி இடத்துக்குத் தாமதமாகவே வந்தன.

இனி தமிழ்ப் பெயர்கள். இந்த இழைகளைத் தாங்கிய ஏற்பாட்டை இங்கே செல் சட்டகம் என்கிறோம், இலங்கையில் குழியவன்கூடு. இரண்டாவது அழகான ஆக்கம்தான். ஆனால் ‘வன்’ என்ற அடை எலும்பை நினைவூட்டிவிடுகிறது. நிமிடத்துக்கு நிமிடம் கரைந்து மறுபடி கட்டப்படுவதை வன்கூடு என்பது எனக்கு உறுத்துகிறது. சட்டகமும் ஜன்னலை நினைவூட்டுகிறது என்றாலும், ஜன்னலைக் கழற்றி மாட்டலாமே.

ஜெல்சோலினுக்கு ‘இழைவெட்டி’ என்று முதலில் நினைத்தேன். ‘வெட்டி’ என்றதும் வேலையில்லாதவன் ஞாபகம் வரும். இவ்வளவு உழைக்கும் புரதத்துக்கு அது அநியாயம். மூலப்பெயரின் பொருளை அப்படியே தருவது ‘களிகரைப்பி’. அது வெட்டுவதையும் மூடுவதையும் சொல்லவில்லைதான். ஜெல்சோலின் என்ற பெயரும் அவற்றைச் சொல்லவில்லை. கட்டுரையில் முதல் முறை ‘களிகரைப்பிப் புரதமான ஜெல்சோலின்’ என்று எழுதிவிட்டு, அப்புறம் ஜெல்சோலின் என்றே போகலாம். ஆக்டினை மட்டும் தொட வேண்டாம். தசையில் உள்ள மயோசின் என்ற புரதத்தைச் செயல்படத் தூண்டியதால் 1940களில் ஹங்கேரியில் வைத்த பெயர் அது. ‘தூண்டி’ என்று மாற்றினால் மீன்பிடிக்கப் போய்விடுவோம்.