வளர்ற பையனுக்கு பழைய சைக்கிள் வாங்கப் போறீங்களா?

போன வாரம் ஒருத்தர் ஏழு வயசுப் பையனுக்கு 24 இஞ்ச் சைக்கிள் ஒண்ண செகண்ட்ஸ்ல வாங்கி நேரா நம்ம கடைக்கு உருட்டிட்டு வந்துட்டார், "அண்ணே சீட்டை நல்லா இறக்கி விடுங்க, வளர்ற பையன்தானே"ன்னு. அடிவரைக்கும் இறக்கியாச்சு, அப்பவும் பையனுக்கு கட்டைவிரல் நுனிதான் தரையில படுது. யூனிபார்ம்னா மடிச்சு தைச்சு வருஷா வருஷம் பிரிச்சு விடலாம், சைக்கிளை என்ன பண்றது?

பழசு வாங்குறது தப்பே இல்லைங்க. முன்னாடியும் பின்னாடியும் ஷாக் அப்சார்பர் வச்சு பளபளன்னு வர்ற மட்டமான புது வண்டிக்கு, நல்லா ஓடுன பழைய பிஎஸ்ஏவோ ஹெர்குலிஸோ எவ்வளவோ தேவலாம், சின்னப் பசங்களுக்கு அந்த ஷாக் எல்லாம் வெறும் வெயிட்டு. ஆனா சைஸு இன்னைக்கு இருக்குற பையனுக்கு சரியா இருக்கணும். ஏழெட்டு வயசுக்கு பெரும்பாலும் 20 இஞ்ச் வரும், இருந்தாலும் புள்ளைய கூட்டிட்டுப் போங்க, உக்காந்தா ரெண்டு முன்பாதமும் தரையில படணும், இறங்கி நின்னா பார் இடிக்கக் கூடாது. பிரேக்கையும் அவனையே பிடிக்கச் சொல்லுங்க, நம்ம கைக்கு லேசா இருக்குறது அவன் விரலுக்கு எட்டவே எட்டாது. சில லீவர்ல சின்ன ஸ்க்ரூ இருக்கும், அத முடுக்குனா லீவர் கிட்ட வரும், அதுக்கு நான் காசு கூட வாங்குறதில்ல.

அப்புறம் ஹேண்டிலுக்குக் கீழ ஃப்ரேம் பைப் வந்து சேர்ற இடத்தோட அடிப்பக்கத்த விரலால தடவிப் பாருங்க, பெயிண்ட் சுருங்கியோ வெடிச்சோ இருந்தா வண்டி எங்கயோ நேருக்கு நேர் இடிச்சிருக்குன்னு அர்த்தம், சைடுல நின்னு பார்த்தா முன் வீலைப் பிடிச்சிருக்குற ஃபோர்க்கும் பின்னாடி வளைஞ்சிருக்கும், சும்மா குடுத்தாலும் வேண்டாம். புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டின்னா எனக்கு எப்பவும் சந்தேகம்தான், துருவோட நிக்கிறத கூட நம்பிடுவேன்.

டயர், செயின், பால்ரஸ், பிரேக் கட்டையெல்லாம் மாத்திக்கலாம், வீல் கோட்டமும் எடுத்துடலாம், அதுக்கெல்லாம் பயப்படாதீங்க. பையன் வளர வளர சீட்டை ஏத்தும்போதுதான் கவனம், சீட் கம்பியில ஒரு கோடு போட்டிருப்பான், அது வெளிய தெரியுற அளவுக்கு ஏத்துனா கம்பி வளைஞ்சிடும், இல்ல ஃப்ரேமே கிழிஞ்சிடும். கோடு தெரிஞ்சா அடுத்த சைஸ் பாக்க வேண்டியதுதான்.

அந்த 24 இஞ்ச் இப்ப அவரோட அண்ணன் பொண்ணுகிட்ட இருக்கு, ஆறாவது படிக்குது, அளவெடுத்த மாதிரி இருக்கு. பையனுக்குத்தான் இன்னும் தேடிட்டு இருக்கோம்.