பாணும் பருப்பும், இரத்தத்தில் ஏறும் சீனியும்

கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை. கப்பலில் வந்து திருகோணமலைச் சீனக்குடாவில் இறங்குகிறது. கடற்கரையோடு நிற்கும் பிரிமா ஆலை 1980இலிருந்து அதை அரைத்து மாவாக்கி ஊர் ஊராக அனுப்புகிறது. யாழ்ப்பாணத்துப் பேக்கரிப் பாணுக்கும் மலையகத்து ரொட்டிக்கும் மா பெரும்பாலும் திருகோணமலையிலிருந்துதான் போயிருக்கும். அதனாலோ என்னவோ, நம் ஊரில் மாவைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். அதிகம் காதில் விழுவது இதுதான்: "ஆட்டா மாவில சுட்ட பாண் எண்டா சீனி ஏறாதுதானே?"

ஏறும். ஏறக்குறைய வெள்ளைப் பாண் அளவுக்கே ஏறும். அம்மாவின் சலரோகத்துக்காக ஓவன் வாங்கி, ஆட்டா மாவுக்கு மாறியவர்களுக்கு இந்தப் பதில் கசக்கும் என்று தெரியும். ஆனால் அவர்கள் செய்தது வீண் இல்லை. ஏன் என்று பார்க்க முதலில் கோதுமை மணிக்குள் போக வேண்டும்.

மணியின் எடையில் 80 சதவீதத்துக்கும் மேல் உள்ளே இருக்கும் மாச்சத்துப் பகுதி. வெளித்தோலான தவிடு சுமார் 15 சதவீதம். முளை வெறும் இரண்டு மூன்று சதவீதம். ஆட்டா மா என்பது மணியை முழுதாக அரைத்தது. வெள்ளை மா என்பது அந்த உள்பகுதி மட்டும்; 100 கிலோ கோதுமையில் 75 கிலோ அளவு கிடைக்கும். முளையில் எண்ணெய் இருப்பதால் அதோடு சேர்த்து அரைத்த மா நம் வெக்கையில் சீக்கிரம் கெட்ட வாடை அடிக்கும். அதை நீக்கினால் மா மாதக்கணக்கில் இருக்கும். ஆனால் நார்ச்சத்து, இரும்பு, மக்னீசியம், பி விற்றமின்கள் எல்லாம் தவிட்டிலும் முளையிலும்தான் அதிகம்.

சரி, நார் கூடிய ஆட்டாப் பாணில் சீனி மெதுவாக ஏற வேண்டும் அல்லவா? அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1981இல் கனடாவின் ரொறன்ரோவில் டேவிட் ஜென்கின்சும் குழுவினரும் கிளைசீமிக் குறியீடு என்ற அளவை உருவாக்கினார்கள். செரிக்கக்கூடிய மாச்சத்து 50 கிராம் இருக்கும் அளவுக்கு ஓர் உணவைக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் விட்டு விட்டு இரத்தம் எடுத்து, சீனி எவ்வளவு ஏறி எவ்வளவு நேரம் நின்றது என்று வரைகோட்டின் கீழுள்ள பரப்பைக் கணக்கிடுவார்கள். அதே ஆட்கள் 50 கிராம் குளுக்கோசு குடித்தபோது வந்த பரப்பு 100 என்றால், இந்த உணவுக்கு எத்தனை? அதுதான் குறியீடு. 2008இல் வந்த சர்வதேச அட்டவணையில் வெள்ளைப் பாணின் சராசரி 75, முழுக்கோதுமைப் பாணின் சராசரி 74.

நம் நாட்டுப் பாணையும் அளந்திருக்கிறார்கள். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட முடிவில் துண்டு போட்ட வெள்ளைப் பாண் 77, முழுக்கோதுமைப் பாண் அதே 77, சாதாரணக் கடைப் பாண் 80.

காரணம் அரைக்கும் விதத்தில் இருக்கிறது. மணி முழுசாக இருக்கும்போது மாச்சத்துத் துணிக்கைகள் கலச்சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கும். செரிமான நொதி உள்ளே போக நேரம் எடுக்கும். நுணுக்கி அரைத்தவுடன் அந்தச் சுவர் உடைந்துவிடுகிறது. தவிடு மாவுக்குள் இருக்கிறதே தவிர மாச்சத்தைக் காக்கவில்லை. அதன் பிறகு ஓவனில் மா 60, 70 பாகையைத் தாண்டும்போது துணிக்கைகள் தண்ணீரை உறிஞ்சி வீங்கிக் குழைந்துவிடும். குழைந்த மாச்சத்தை நொதி சுலபமாக வெட்டும். ஆட்டாவோ வெள்ளையோ, இந்தக் கட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. முழு மணிகள் பல்லில் கடிபடும் பாண் வகைகளுக்குத்தான் அதே அட்டவணையில் 53 என்ற சராசரி இருக்கிறது.

அப்படியென்றால் ஆட்டா மா எதற்கு? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். குறியீடு சொல்வது ஒரு சாப்பாட்டுக்குப் பின்னான இரண்டு மணி நேரத்தை மட்டும். வருடக்கணக்கில் என்ன நடக்கும் என்பது வேறு கேள்வி, வேறு வகை ஆய்வு. லான்செட் மருத்துவ இதழில் 2019இல் வந்த தொகுப்பு, மக்களை நீண்டகாலம் பின்தொடர்ந்த 185 ஆய்வுகளையும் 58 மருத்துவப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்தது. நார்ச்சத்து மிக அதிகம் சாப்பிட்டவர்களில், மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட, இறப்பும் இதய நோயும் இரண்டாம் வகைச் சலரோகமும் பெருங்குடல் புற்றுநோயும் 15 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தன. நாளுக்கு 25 முதல் 29 கிராம் நார் என்பது நல்ல இலக்கு என்றும் அது சொன்னது. பின்தொடரும் ஆய்வில் ஒரு பலவீனம் உண்டு: நார் கூடச் சாப்பிடுபவர் நடக்கவும் செய்வார், புகைக்கவும் மாட்டார். அந்தப் பாதிப்பைக் கணக்கால் குறைக்கலாம், முழுதாக நீக்க முடியாது. ஆனால் பரிசோதனைகளிலும் நார் கூடியவர்களுக்கு எடையும் கொலஸ்ட்ரோலும் குறைந்தன. இரண்டு வகை ஆய்வும் ஒரே பக்கம் கை காட்டுவதால்தான் இதை நான் நம்புகிறேன்.

அந்த இலங்கை ஆய்வுக்கு மறுபடி வருவோம், அதில் எனக்கு மிகப் பிடித்த எண் இன்னும் சொல்லவில்லை. அதே சாதாரணப் பாணைப் பருப்புக்கறியோடு கொடுத்தபோது குறியீடு 80இலிருந்து 61க்கு இறங்கியது. மாவை மாற்றியதால் கிடைக்காத குறைவு, பக்கத்தில் வைத்த கறியால் கிடைத்தது. பருப்பின் மாச்சத்து மெதுவாகச் செரிக்கிறது. அதன் புரதமும் நாரும் உணவு வயிற்றை விட்டு இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன. இந்த ஆய்வுகளில் கொடுக்கும் பாணின் அளவையும் கவனியுங்கள். 50 கிராம் மாச்சத்து என்பது 100 கிராம் பாண் அளவு. 450 கிராம் றாத்தலில் அது கால்வாசிக்கும் கொஞ்சம் குறைவு. அரை றாத்தல் சாப்பிட்டால், என்ன குறியீடு இருந்தாலும், உடம்புக்குள் போகும் மாச்சத்து இரட்டிப்பு.

வீட்டில் சுடுபவர்களுக்கென்றே ஓர் ஆய்வு இருக்கிறது. 2008இல் இங்கிலாந்தில் பத்துப் பேருக்கு வீட்டு முறையில் சுட்ட வெள்ளைப் பாணைக் கொடுத்தார்கள். உறையவைத்து எடுத்து உருக்கிய பாணில் சீனி ஏற்றம் 31 சதவீதம் குறைவு. டோஸ்ட் செய்ததில் 25. உறையவைத்துப் பிறகு டோஸ்ட் செய்ததில் 39. குழைந்த மாச்சத்துச் சங்கிலிகள் குளிரில் திரும்ப ஒன்றோடொன்று இறுக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. அந்த இறுக்கத்துக்குள் நொதி புகுவது கடினம். பழைய பாண் விறைப்பதும் இதே மாற்றத்தால்தான்.

இந்த 39ஐத்தான் கவனமாக வாசிக்க வேண்டும். சாப்பிட முன் 100 இருந்த சீனி 160க்கு ஏறுகிறது என்று வையுங்கள். 160இல் 39 சதவீதம் குறையும் என்று அர்த்தமில்லை. 100க்கு மேலே ஏறிய பங்கில்தான் குறைவு. அதுவும் பத்துப் பேரில், ஆரோக்கியமானவர்களில். சலரோகக்காரர் உடம்பில் அதே அளவு குறையும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது.

இன்னொன்று நம் மேசைக்கு மிகக் கிட்டியது. 2021இல் பிரான்சில் பத்துப் பேருக்குப் பாணோடு தண்ணீர், வெறுந்தேநீர், எலுமிச்சைச் சாறு மூன்றையும் வெவ்வேறு நாளில் கொடுத்தார்கள். தேநீர் ஒன்றும் செய்யவில்லை. எலுமிச்சைச் சாறு சீனியின் உச்சத்தை 30 சதவீதம் குறைத்து, அரை மணிக்கும் மேல் தள்ளிப்போட்டது. உமிழ்நீரில் உள்ள நொதி புளிப்பில் செயலிழப்பதுதான் காரணமென்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். "சம்பலுக்குத் தேசிக்காய் விட்டால் சலரோகம் அண்டாது" என்று இது வாட்ஸ்அப்பில் ஓடுவதற்கு முன் அளவைப் பாருங்கள்: அவர்கள் குடித்தது 250 மில்லிலீற்றர் சாறு. பத்துத் தேசிக்காயாவது பிழிய வேண்டும். சம்பலுக்கு நாம் பிழிவது பாதித் தேசிக்காய்.

ஆட்டா மாவைக் குழைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் பாண் செங்கல்லாக வந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். மாவில் தண்ணீர் பட்டதும் இரண்டு புரதங்கள் சேர்ந்து குளூட்டன் வலை உருவாகிறது; ஈஸ்ட் விடும் வாயுவை அது பிடித்து வைத்திருக்கும். தவிட்டுத் துகள்கள் அந்த வலையைக் கிழிக்கும், தண்ணீரையும் குடிக்கும். அதனால் 500 கிராம் மாவுக்கு 350 மில்லிலீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் விட்டு, குழைக்கும் முன் அரை மணி நேரம் சும்மா விடுங்கள். தவிடு ஊறி மெதுமையாகும். தொடக்கத்தில் பாதி வெள்ளை மா கலப்பதில் தவறே இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் குசினி 35 பாகையைத் தொடும். குளிர் நாட்டுச் செய்முறையில் சொன்ன ஈஸ்டைப் போட்டால் மா அவசரமாகப் பொங்கி உட்கார்ந்துவிடும். ஈஸ்டைப் பாதியாக்கி, குளிர்ந்த தண்ணீரில் குழைத்து, இரவு முழுக்கப் பிரிட்ஜில் புளிக்க விடலாம். முழுக் கோதுமை மணி கிடைத்தால் ஊறவைத்து அவித்து இரண்டு கைப்பிடி மாவில் சேருங்கள். குறியீட்டைக் கீழே கொண்டுவருவது அந்த மணிகள்தான்.

வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால் உங்கள் பாணை நீங்களே அளந்து பார்க்கலாம். 2017இல் இஸ்ரேலில் 20 பேருக்கு வெள்ளைப் பாணையும் புளிக்கவைத்த முழுக்கோதுமைப் பாணையும் ஒவ்வொரு வாரம் கொடுத்துப் பார்த்ததில் சராசரியில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சிலருக்கு ஒன்று, சிலருக்கு மற்றது நன்றாக ஒத்துப்போனது. ஆகவே ஒரே பாண், நிறுத்து எடுத்த ஒரே அளவு, ஒரே காலை நேரம். சில நாள் பருப்போடு, சில நாள் பருப்பில்லாமல், சாப்பிட முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் குறித்து வையுங்கள். ஒரு நாள் அளவை வைத்து முடிவு கட்ட வேண்டாம்; தூக்கம் கெட்டாலே எண் மாறும். அந்தத் தாளைக் கிளினிக்குக்குப் போகும்போது டொக்டரிடம் காட்டுங்கள், மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அங்கே பேச வேண்டியது.